ஏழாவது தட்டு

மார்ச் 2, ஞாயிறு. பார்சிலோனா

மன்னித்துவிடுங்கள் மேடம். நம் சுற்றுலா விருந்தினர்கள் என்ன சாப்பிட்டார்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று தினமும் அரைப் பக்கம் எழுதினால் போதும் என்றீர்கள். எனக்கு அரைப் பக்கத்தில் நிறுத்தத் தெரியவில்லை. வாய் திறந்து பேச வராதவள் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. வேண்டாததை அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஐந்து பேரும் நலமாக வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மரகதம் அம்மாவின் பெட்டியைத் திறந்து பருப்புப் பொடியை எடுத்துக் காட்டி என்ன என்று கேட்டார்கள். நான் ஸ்பானிஷில் வார்த்தை தேடுவதற்குள் அவரே, "பருப்புப் பொடிங்க. வெடிமருந்தெல்லாம் இல்லீங்க" என்று தமிழில் விளக்கினார். அதிகாரி முகர்ந்து பார்த்தார், பலமாகத் தும்மினார், விட்டுவிட்டார்.

மாலையில் நம் வழிகாட்டி பிரிட்டோ சார் எல்லோரையும் உட்காரவைத்து இந்த ஊரின் மேசைப் பழக்கங்களைச் சொன்னார். கத்தி எந்தக் கையில், கைதுடைக்கும் துணி எங்கே என்றெல்லாம் சொல்லிவிட்டு, "கடைசியா ஒண்ணு. தயவுசெஞ்சு யாரும் அண்ணாந்து குடிக்காதீங்க. இங்க எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. உதட்டுல வெச்சு, சத்தமில்லாம குடிக்கணும்" என்றார்.

"அதையெல்லாம் எங்களுக்குச் சொல்லோணுங்களா? நானெல்லாம் கலிபோர்னியாவுலயே ஒயின் குடிச்சவன்" என்றார் சுந்தரவடிவேல் சார்.

"குடிச்சுப்போட்டு பஸ்சுல குறட்டை விட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார் டாக்டர் கமலவேணி. பழைய நண்பர்கள் என்பதால் யாரும் யாரையும் விட்டுவைப்பதில்லை. நல்லசிவம் சாரும் அவர் மனைவியும் மட்டும் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரவு உணவு துறைமுகத்துக்குப் பக்கத்தில். ஏழு தட்டு வைத்திருந்தார்கள். ஐவருக்கு ஐந்து, பிரிட்டோ சாருக்கு ஒன்று. ஏழாவது எனக்கு என்று புரிந்ததும் பரிமாறுபவரிடம் போய் அதை எடுத்துவிடச் சொன்னேன். என் அம்மா உடுமலையில் கல்யாண மண்டபச் சமையல் குழுவில் வேலை செய்கிறார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பந்தி நடக்கும்போது குழுவில் ஒருவரும் இலை முன்னால் உட்கார மாட்டார்கள். நின்றால்தான் யாருக்கு என்ன வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரியும். மற்ற உணவகங்களுக்கும் என்னைச் சேர்க்காமல் இடம் போடும்படி எழுதிவிட்டேன். பிரிட்டோ சாரை இதற்கெல்லாம் தொந்தரவு செய்யவில்லை.

கணவாய் மையில் வெந்த கறுப்புச் சோறு அகலமான தட்டை வாணலியில் வந்தது. மரகதம் அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அடிப்பிடிச்சுப் போச்சாட்ட இருக்குது?" என்றார்.

நான் பின்னாலிருந்து, "கறுப்புக் கவுனி அரிசின்னு நெனச்சுக்குங்கம்மா" என்றேன். இந்தப் பயணத்தில் நானாகப் பேசிய முதல் வாக்கியம். வாணலியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததைக்கூடச் சுரண்டிச் சாப்பிட்டார்கள்.

நான் பிறகு சாப்பிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

காலையில் சந்தை. நல்லசிவம் சாரின் மனைவி சைவம். அவருக்கு எண்ணெயில் வாட்டிய பச்சை மிளகாய் ஒரு தட்டு நிறைய வாங்கிக் கொடுத்தோம். காரமே இல்லாததற்கு எதற்கு மிளகாய் என்று பேர் என்று கேட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

தொலைபேசியில் உங்களுக்குச் சொன்னதுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மலை மேல் இருக்கும் மடாலயத்தில் பிரிட்டோ சார் படியில் கால் தவறி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு நாளைக்கு ஊருக்கு அனுப்புகிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, "உனக்கு எல்லாம் தெரியும் முத்தரசி. சத்தமா சொன்னா போதும்" என்றார்.

நீங்கள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை வரை நான் தனியாக நடத்த வேண்டும். சரிவரவில்லை என்றால் ஞாயிறு முதல் இங்குள்ள வழிகாட்டி ஒருவர் வருவார், நான் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சரிவந்தால் செப்டம்பரில் ஜார்ஜியாப் பயணத்தை நானே நடத்தலாம்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான் மேடம். நேர்முகத் தேர்வில் நீங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லவில்லை. அப்படியும் எடுத்துக்கொண்டீர்கள். பெட்டி தூக்க அல்ல என்று நினைக்கிறேன்.

மார்ச் 5, புதன். தாரகோனா

பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்தபோது ஐந்து முகங்களும் என்னையே பார்த்தன. அதனால் திரும்பி நின்று, முன்கண்ணாடியில் தெரிந்த சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். அப்போதுதான் பேச்சு வந்தது. ஒரு மணி நேரம் விடாமல் பேசினேன். டாக்டர், "நல்லாத்தான் பேசறா. டிரைவருக்குத்தான் எல்லாம் புரிஞ்சிருக்கும்" என்றார்.

வால்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும். நடத்துகிறவர் நுரியா என்ற பெண், நாற்பது வயதிருக்கும், நகக்கண் எல்லாம் ஊதா நிறம். நிலவறையில் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு மேசை, கண்ணாடிக் கோப்பைகள், துப்புவதற்கு ஒரு வாளி. வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்ப வேண்டும் என்றதும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நாலு பேர் பார்க்க எப்படிங்க எச்சத் துப்பறது?" என்று மரகதம் அம்மா தயங்கினார். பிறகு பீப்பாய்க்குப் பின்னால் போய், முந்தானையால் மறைத்துக்கொண்டு துப்பிவிட்டு வந்தார். சுந்தரவடிவேல் சார் ஒரு சொட்டும் துப்பவில்லை. திரும்பி வரும்போது டாக்டர் சொன்ன குறட்டை பேருந்தில் கேட்டது.

வெள்ளை ஒயினைப் பற்றி நுரியா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். ஈரக் கல், பச்சை ஆப்பிள்.

"கல்லை யாருங்க நக்கிப் பார்த்தது?" என்றார் சுந்தரவடிவேல் சார். எல்லோரும் சிரித்தார்கள். கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். பிறகு பீப்பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "வெயில் காஞ்ச மொட்டைமாடில முதல் மழை விழுந்தா ஒரு வாசம் வருமில்லீங்களா, அது. அப்புறம் கொய்யாக்காய். பழமில்லீங்க, காய்."

டாக்டர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். "ஆமா. காய்தான். விதைகூடத் தெரியுது."

சிவப்புக்கு நாவல்பழமும் இடித்த மிளகும் என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு கோப்பைக்கும், "அம்மிணி, நீ மோந்து சொல்லு" என்று என்னிடம் நீட்டினார்கள். நுரியா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது கேட்டார்: "நீ ஒன்றையும் குடிக்கவில்லையே?"

"வேலை நேரம்."

"இதுதான் வேலை. உன் மூக்கு நன்றாக உழைக்கிறது. வாய் என்ன பாவம் செய்தது?"

சனிக்கிழமை அவர்கள் வீட்டு வெங்காய விருந்துக்குத்தான் மறுபடியும் போகிறோம். இன்று மனதுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இதை அடித்துவிடுங்கள்.

மார்ச் 6, வியாழன்

மழை. தொண்டை கட்டிவிட்டது. வெந்நீரும் பிஸ்கட்டும்.

மார்ச் 7, வெள்ளி

இன்று அந்தப் பெரிய உணவகம். பதினொரு வகை. ஆறு மாதத்துக்கு முன்னாலேயே நீங்கள் இடம் பிடித்தது.

சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் கூழாங்கல் மாதிரி ஒன்று வந்தது, கடித்தால் உருளைக்கிழங்காம். உண்மையான கூழாங்கற்களுக்கு நடுவே வைத்திருந்ததால் நல்லசிவம் சார் தவறானதை எடுத்துவிட்டார். நல்லவேளை, கடிக்கும் முன் அவர் மனைவி கையைப் பிடித்துவிட்டார். பிறகு கடல் நுரை என்று ஒரு கரண்டி நுரை. நான்காவதாக முட்டை மஞ்சள் கருவும் காளானும் ஒரு ஆழமான கிண்ணத்தில் வந்தன. கிண்ணத்தை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. கரண்டிச் சத்தம் மட்டும்தான். எப்போதும் பாதியை மிச்சம் வைக்கிற டாக்டர், ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்.

கடைசியில் சமையல் தலைவர் வெளியே வந்து எல்லோரிடமும் எது பிடித்தது என்று கேட்டார். என்னிடமும் கேட்டார். நான்காவது என்றேன். "உனக்கு எப்படி இருந்தது?" என்றார். அழகாக இருந்தது என்றேன். அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார்.

கைகழுவும் இடத்தில் டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ எப்பச் சாப்பிடறே?"

"ஆச்சுங்க டாக்டர்."

"என்ன ஆச்சு?"

"ரொட்டிங்க."

"எந்த ரொட்டி? மேசைல இருந்ததை நான்தான் தொடைச்சுத் தின்னுபோட்டேனே."

கோட்டுகளை எடுத்து வருகிறேன் என்று போய்விட்டேன்.

வழியில் சுந்தரவடிவேல் சார் கோபப்பட்டதை அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆறாவது தட்டுக்கு இரண்டு ஒயின்களில் எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டபோது, "ரெண்டுமே நல்லா இருக்குமுங்க சார்" என்று சொன்னேன். அவர் எடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "இருக்கும், இருக்கும்னா எப்படி அம்மிணி? தின்னு பார்த்தவளாட்டச் சொல்லோணும். பிரிட்டோன்னா, 'சார், இதைத் தொடாதீங்க, அதை விடாதீங்க'ன்னு அடிச்சுச் சொல்லுவாரு" என்றார். அவர் சொன்னது தப்பில்லை.

உங்கள் குறுஞ்செய்தி வந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேறு வழிகாட்டியை வரச் சொல்லியிருப்பதாகவும், நாளை இரவு சுந்தரவடிவேல் சாரிடம் பேசிவிட்டு முடிவு செய்வதாகவும். சரி மேடம்.

மார்ச் 8, சனி

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

நுரியாவின் தோட்டத்தில், கவாத்து செய்த காய்ந்த திராட்சைக் கொடிகளை மலைபோல் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். அதன் மேல் கம்பிவலையில் கல்சோட் என்று ஒரு வெங்காயம். நம் வெங்காயத்தாள் மாதிரி இருக்கும், கட்டைவிரல் பருமன், ஒரு முழ நீளம். வெளித்தோல் கரியாகும்வரை சுட்டு, செய்தித்தாளில் சுருட்டி வைத்து, வளைந்த கூரை ஓட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். நாற்காலி கிடையாது. தட்டும் கிடையாது. ஒரே நீள மேசை, இரண்டு பக்கமும் மரப் பலகை. எல்லோர் கழுத்திலும் குழந்தைக்குக் கட்டுவதுபோல் துணி கட்டினார்கள்.

நான் வழக்கமான இடத்தில், மேசைத் தலைமாட்டில் நின்றேன்.

அப்போது நுரியாவின் அப்பா பெரே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பெருத்த வயிறு, ஒரு பக்கம் கூம்பிய மூக்கு. பொர்ரோன் என்று பெயர். நிறைய வெள்ளை ஒயின். வீட்டுக்கே ஒன்றுதான், அது மேசையைச் சுற்றி வரும். மரியாதைக்காக முதலில் சுந்தரவடிவேல் சார் கையில் கொடுத்தார்.

சார் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பிரிட்டோ சொன்ன மாதிரி, உதட்டுல வெச்சு, சத்தமில்லாம" என்று கண்ணடித்துவிட்டு, அந்த மூக்கை வாய்க்குள் வைத்து உறிஞ்சினார்.

மேசையே அலறியது. பெரே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நுரியாவின் அத்தை ஒருவர் ஏதோ சாமியைக் கூப்பிட்டார். சார் பயந்துபோய்ப் பாத்திரத்தைச் சட்டென்று இறக்க, பாதி ஒயின் அவர் வெள்ளைச் சட்டையில்.

"என்னடா, என்ன பண்ணிப்போட்டேன் நான்?" என்று யாரிடமோ கேட்டார்.

நுரியா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "சார், வாய் வெக்கக் கூடாதாமுங்க. எல்லாரும் குடிக்கிற பாத்திரமாமுங்க. எச்சல் பட்டுப்போச்சாம்."

மரகதம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அட பாவிங்களா! எச்சலுன்னா என்னன்னு தெரிஞ்ச ஊருக்கு வந்து வாய் வெச்சுக் குடிச்சிருக்கறீங்களே!"

பெரே பாத்திரத்தைக் கழுவி மறுபடியும் நிரப்பினார். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். யாரும் கை நீட்டவில்லை. சார் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "வழிகாட்டி எதுக்கு இருக்கறா? வழியைக் காட்டட்டும்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார்.

பெரே என்னிடம் நீட்டினார்.

மண்டபச் சமையல்கட்டில் இருபது பேருக்கு ஒரே சொம்பு மேடம். அடுப்பு வெக்கையில் வியர்த்து ஒழுகும்போது, யார் உதடும் படாமல், ஒரு சொட்டும் வீணாக்காமல், நின்ற நிலையில் குடித்துவிட்டு அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும். நான் ஏழு வயதில் கற்றுக்கொண்டது.

அண்ணாந்தேன். மெல்லிய நூல்போல் விழுந்தது. தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, கையை மெதுவாக நீட்டினேன். நூல் நீண்டது. அவர்கள் ஏதோ ஒரு சொல்லைச் சேர்ந்து சொல்லி மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். இன்னும் நீட்டினேன். கை முழுவதும் நீட்டியாயிற்று. பிறகு மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி நிறுத்தினேன். மோவாயைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை.

முதலில் குளிர்ச்சி. பிறகு நாக்கின் ஓரங்களில் புளிப்பு. பிறகு கொய்யாக்காயின் துவர்ப்பு. புதன்கிழமை நான் சொன்னது சரிதான். விழுங்கிய பிறகு, எங்கிருந்தோ லேசான உப்பு. மழை விழுந்த மொட்டைமாடி என்றேனே, அதில் உப்பு உண்டு என்று என் மூக்குக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே பெரே என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டார். சுந்தரவடிவேல் சார் எழுந்து நின்று கைதட்டினார். "எங்க வீட்லயும் இப்படித்தானுங்க குடிப்போம்! இங்க வந்து நாகரிகம் படிச்சுக் கெட்டுப்போனேன்!" என்று பெரேயிடம் தமிழில் சொன்னார். பெரேக்குப் புரிந்ததுபோல் இருந்தது. பிறகு எல்லோரும் குடித்தார்கள். மரகதம் அம்மாதான் கெட்டிக்காரர், குடிக்கும்போதே கண்ணால் சிரித்தார்.

நான் பழைய இடத்துக்கு நகர்ந்தேன். டாக்டர் கையைப் பிடித்து இழுத்தார். "தள்ளி உக்காருங்க எல்லாரும்" என்றார் மற்றவர்களிடம். பலகையில் இடம் வந்தது. "உக்காரு."

"பந்தி முடியட்டுங்க டாக்டர்."

"இங்க எங்க இருக்குது பந்தி? எல்லாரும் குரங்காட்ட உரிச்சுத் தின்னுட்டு இருக்கறோம். உக்காருடி."

உட்கார்ந்தேன்.

வெங்காயத்தின் தாளைப் பிடித்துக்கொண்டு கரித்தோலை ஒரே இழுப்பில் உருவினால், உள்ளே பால் வெள்ளையாக வழுக்கிக்கொண்டு வருகிறது. அதை ஒரு சிவப்புத் துவையலில் முக்கி, மறுபடியும் அண்ணாந்து, வாய்க்குள் இறக்க வேண்டும். சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, பாதாம், காய்ந்த மிளகாய். அம்மியில் அரைத்ததுபோல் நறநறப்பு. வெங்காயம் கடிக்கவே வேண்டாம், கரைகிறது. முதலில் இனிப்பு, அடியில் புகை. எத்தனை தின்றேன் என்று தெரியாது. என் விரல்கள் பத்தும் கறுப்பு. மூக்கிலும் கரி என்று மரகதம் அம்மா துடைத்துவிட்டார்.

திரும்பும்போது ஒலிவாங்கியை எடுத்தேன். முன்கண்ணாடிப் பக்கம் திரும்ப மறந்துவிட்டேன். பாதி பேசிய பிறகுதான் ஐந்து முகங்களும் எனக்கு எதிரே இருக்கின்றன என்று தெரிந்தது. அப்படியே பேசினேன்.

இரவு கடற்கரைச் சாலையில் இருந்த உணவகத்தில் சார் உணவுப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். சோதிப்பது தெரிந்தது. பக்கத்து மேசைகளைப் பார்த்தேன், முகர்ந்தேன். "பொரிச்ச மீனைத் தொடாதீங்க சார். மதியம் அந்தத் துவையல் தின்ன நாக்குக்கு எண்ணெய் ஒத்துக்காது. மீன் குழம்பு மாதிரி ஒண்ணு இருக்குது, அதை எடுங்க. மதியம் குடிச்ச அதே ஒயினைக் கேளுங்க. உப்பு இருக்குது அதுல, மீனுக்குச் சேரும்."

மறுபேச்சில்லாமல் அதையே சொன்னார். குழம்பைத் தொட்டு ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு நீங்கள் அழைத்தீர்கள். அவர் எழுந்து வெளியே போய்ப் பேசினாலும் குரல் உள்ளே கேட்டது: "வேற ஆளெல்லாம் எதுக்குங்க? எங்க புள்ளை இருக்கறா. ஆமாங்க, எங்க புள்ளை."

அந்தச் சொல்லை இங்கே எழுதி வைக்கிறேன். இதை அடிக்க வேண்டாம் மேடம்.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை. உங்கள் செய்தி மட்டும் வந்தது: "ஜார்ஜியா உனக்கு." மூன்று முறை படித்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒயின் குடித்ததையும். கேட்டுவிட்டு, "அத்தனை பேருக்கு முன்னால குடிச்சயே, ஒரு சொட்டாவது சிந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" எனக்குத் தெரியும். ஆயிரம் பேர் சாப்பிட்டு சாம்பார் மிஞ்சாமலும் பற்றாமல் போகாமலும் இருந்தால் சொல்கிற "ம்".

இன்று காலை, மதிய உணவுக்கு இடத்தை உறுதி செய்ய உணவகத்திலிருந்து கேட்டார்கள்: ஐந்து பேர்தானே என்று. ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன். நேற்று இரவு நான் சொன்ன மீன் குழம்பைப் பற்றி நினைத்தேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் அதைப் பக்கத்து மேசையைப் பார்த்துத்தான் சொன்னேன். கொஞ்சம் பொறுங்கள், திரும்ப அழைக்கிறேன் என்று வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏழாவது தட்டை எடுக்கச் சொன்னது நான்தான். நீங்கள் எனக்கும் சேர்த்துத்தான் இடம் பிடித்திருந்தீர்கள். விருந்தினர்கள் மேலும் குறையில்லை. இந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு நான் எழுதியதைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புச் சோறு, கூழாங்கல், கடல் நுரை, மஞ்சள் கரு எல்லாம் பார்க்க எப்படி இருந்தன என்று எழுதியிருக்கிறேன், என்ன ருசி என்று எழுதவில்லை. நேற்று மதியம் வரை எனக்குத் தெரியாது.

ஆறு பேர் என்று நானே சொல்லிவிடலாம். வாய் வரை வந்து திரும்பிப் போய்விடுகிறது. இன்றைக்குச் சொன்னாலும் ஜார்ஜியாவில் நானே என் தட்டை எடுக்கச் சொல்லிவிடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன் மேடம். ஊதியம் பற்றி இல்லை. இன்று மதியத்திலிருந்து எல்லா உணவகத்துக்கும் நீங்களே எழுதுங்கள். வழிகாட்டிக்கும் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கோப்பை வேண்டும், அவள் வேண்டாம் என்று சொன்னாலும் எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள்.